என் தலையிலேயே சோதித்த கத்தி

போன வருஷம், தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் ஒரு முருகன் கோயில். என் தங்கை மகளுக்கு அன்று முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே எடுப்பார்கள்? அந்தத் தாய்மாமன் நான்தான். ஒரு மாதமாகவே எனக்குத் தலைகால் புரியவில்லை.

மடி மட்டும் போதாதென்று எனக்கு இன்னோர் ஆசை. இணையத்தில் சாணைக்கற்கள் வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்தி தீட்டும் பைத்தியம் அப்போதுதான் என்னைப் பிடித்திருந்தது. சமையல் கத்தி, உளி என்று வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு மடக்குச் சவரக் கத்தி கிடைத்தது. மூன்று கற்களில் மாற்றி மாற்றித் தீட்டி, என் கை முடியில் வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று எடுத்தது! இடது கையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. "உரிச்ச கோழி மாதிரி இருக்கு" என்று மனைவி சிரித்தாள். பாப்பாவுக்கு இந்தக் கத்திதான் என்று தங்கையிடம் சொன்னேன். "அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று அவளும் தலையாட்டிவிட்டாள். கேட்கவா வேண்டும்!

கோயிலில் முடி இறக்குபவருக்கு முப்பது வயதிருக்கும். புது பிளேடைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் என் கத்தியை நீட்டினேன்.

"வேணாம்ணே. நாங்க புது பிளேடுதான் போடுவோம்."

"பிறை டவுன்ல ஃபேக்டரியில கியூசி, சாமான் தரம் பார்க்கிறவன் தம்பி நான். டெட்டால்ல கழுவித்தான் கொண்டாந்திருக்கேன். இதுகிட்ட உங்க பிளேடெல்லாம் நிக்காதுலா."

அவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மொதல்ல உங்க தலையில ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போமா?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள் முப்பது பேர். கையில் கைபேசிகள் வேறு. பின்வாங்க முடியுமா? தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இழுப்பு சர்ரென்று இறங்கியது. நெற்றியிலிருந்து உச்சிவரை ரோடு போட்ட மாதிரி ஒரு ஜாலான் போட்டாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். "இன்னும் போங்க தம்பி!" என்று நானே உற்சாகமாகக் கத்தினேன். இரண்டாவது இழுப்பு கொஞ்சம் பிடித்தது. மூன்றாவதில் கத்தி முடியைப் பிடுங்கியது. சுரீரென்று எரிந்து கண்ணில் நீர் முட்டியது. நெற்றியில் சூடாக ஏதோ வழிந்தது. தொட்டுப் பார்த்தால் ரத்தம்.

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கத்தி வாயில இரும்புப் பிசிறு நிக்குதுண்ணே. தீட்டி முடிச்சு தோல் வார்ல தேய்க்கலையா? பிசிறு இருந்தாலும் கை முடிய எடுக்கும். ரெண்டு இழுப்புல மடங்கிடும்."

பிசிறு! ஃபேக்டரியில் என் வேலையே, இரும்புச் சாமான்களின் ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான். எத்தனை பேரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருப்பேன்! வீடியோவில் கடைசியாகத் தோல் வாரில் தேய்க்கச் சொன்னதை, கை முடி வழித்த குஷியில் நான்தான் விட்டுவிட்டேன். எதிரே பாப்பா தங்கை மடியிலிருந்து இரண்டு பல்லையும் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த உச்சந்தலை எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் அவர் ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்து, கத்தியை மடக்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "மாமனும் முடி இறக்குறாருங்க! மருமகளுக்காக வேண்டுதலாம்!" என்றார்.

"அரோகரா!" என்று முப்பது பேரும் முழங்கினார்கள். புது பிளேடில் ஐந்தே நிமிடத்தில் எனக்கு மொட்டை. அப்புறம் பாப்பாவை மடியில் வாங்கினேன். என் விரலைப் பிடித்து விளையாடியபடியே இருந்தாள், ஒரு சிணுங்கல் இல்லை. இரண்டு தலைக்கும் சந்தனம் பூசினார்கள்.

"யாருகிட்டயும் சொல்லாம எம்புள்ளைக்கு வேண்டிக்கிட்டியாண்ணே?" என்று தங்கை அழுதுவிட்டாள். முடி இறக்கியவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த குழந்தைக்குத் தலை நனைத்துக்கொண்டிருந்தார்.

இன்றும் தங்கை அந்த வேண்டுதலைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறாள். இதைப் படித்தாவது அவளுக்கு உண்மை தெரியட்டும். பாப்பாவின் தலையையும் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. இப்போதெல்லாம் ஃபேக்டரியில் யாருடைய சாமானிலாவது பிசிறு கண்டால், நான் எழுந்து அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொல்கிறேன்.