தேயிலைப் பெட்டிக்குள் இருந்த பச்சை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. என்னுடைய நாலு பேர், செத்துப்போன தங்கையின் இரண்டு பேர், பிறகு மூத்த மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதால் அவளுடைய மகள். ஏழு பேரில் ஒருவரையும் ஒரு சோதனைக்குக்கூட, ஒரு பரீட்சைக்குக்கூட, போகாமல் நான் விட்டதில்லை. காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கக் கொடுத்து அனுப்பினேன். இந்த பீலெஃபெல்ட் நகரத்தில் பனி கொட்டி பஸ் ஓடாத ஒரு காலையில் இரண்டாவது மகனைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டேன். அன்றைக்குச் சோதனை இல்லையாம், அடுத்த கிழமையாம். அதனால் என்ன, போனோமா இல்லையா.

ஏழாவதாக வளர்ந்தவள்தான் என் பேத்தி. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அவளிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எங்கள் வீதி பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு சிக்னல் லைற் நிற்கிறது. கார் வந்தால் சிவப்பு மாறிப் பச்சை விழும். இவள் வந்தால் விழாது. வீதிக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருக்கிறார்களாம். கார் அளவு இரும்பு மேலே வந்து நின்றால் அதற்குத் தெரியும், மோட்டார் சைக்கிள் வந்தால் சில இடங்களில் தெரிவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவள் அங்கே தனியாக நிற்பதை, சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் பார்ப்பேன். பின்னால் ஒரு கார் வந்தால்தான் விடுதலை.

"ஒருத்தரும் இல்லைத்தானே பிள்ளை, போனால் என்ன" என்று கேட்டேன்.

"சிவப்பெண்டால் சிவப்பு, அம்மம்மா."

அதையே கடைசி வருட வேலையாக எடுத்தாள். மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதைக் கண்டு லைற்றுக்குச் சொல்லும் ஒரு கருவி. ஆறு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வயர்களை ஒதுக்கித்தான் கோப்பை வைத்தோம். செய்து முடித்து, பேராசிரியர்களுக்குக் காட்டும் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் சேலைக்கு மேலே பெரிய குளிர் ஜக்கெற் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன்.

பல்கலைக்கழகத்தின் பின்முற்றத்தில் கம்பம் நட்டு, காலடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வைத்திருந்தாள். அவளுடைய சிநேகிதன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பச்சை விழுந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மெல்ல எழும்பிப் போய்ப் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்ன அம்மம்மா செய்யிறீங்கள்?"

"உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ எண்டு பாத்தனான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் அவள் முகம் சரியில்லை. ஒரு பேராசிரியர் கேட்டாராம், கருவி நல்லது, ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் சிக்னலில் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் என்ன கெட்டுப்போகும் என்று. இவள் பெற்றோல் புகை அது இது என்று ஏதோ சொன்னாளாம். அவர் திருப்திப்படவில்லை. இது யாருக்குத் தேவை என்று அடுத்த கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் புள்ளி போடுவாராம்.

"அந்த ஒரு பக்கம்தான் எனக்கு வரேல்லை, அம்மம்மா."

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். எனக்கு டொச், இந்த ஊர்ப் பாஷை, வராது, அவ்வளவுதான். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்னமாமா, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தங்கி, தொழில்நுட்பம் படிப்பிக்கிற கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைசி வருடம். முதல் வருடமே ஒருமுறை தவறினவர். இந்த முறையும் தவறினால் தன்னோடு வந்து சுருட்டுக் கொட்டிலில் இருக்க வேண்டியதுதான் என்று அப்பு, அதாவது அவருடைய தகப்பன், சொல்லிவிட்டார். சின்னமாமாவுக்குப் புகையிலை மணம் பட்டாலே தும்மல் வரும். ஆனபடியால் அவர் அந்த வருடம் உயிரைக் கொடுத்துப் படித்தார்.

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தாங்களாக ஒரு பொருள் செய்து காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சிக்னல் லைற் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாத காலம். சின்னமாமா கொழும்பில் பார்த்தவர். அவர் செய்யப் போனது அதைவிட மேலானது. வாகனம் வந்தால் தானாகவே பச்சை எரியும் லைற். வீதிக்குக் குறுக்கே சைக்கிள் ரியூப் ஒன்றைக் கிடத்தி, அதன் ஒரு முனையைக் கட்டி, மறு முனையில் ஒரு பலூனை மாட்டினார். சில்லு ஏறினால் காற்றுத் தள்ளும், பலூன் ஊதும், பலூன் சுவிச்சைத் தட்டும். கார் ஏறியபோது அருமையாக எரிந்தது. மோட்டார் சைக்கிள் ஏறியபோது பலூன் அரைவாசி எழும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. பத்துத் தரம் செய்தார், பத்துத் தரமும் படுத்தது.

சோதிக்க வருகிற விரிவுரையாளரிடம் இருந்தது மோட்டார் சைக்கிள்.

சின்னமாமா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் கடையில் ஒரு தேயிலைப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அதற்குக் கறுப்புப் பூச்சுப் பூசி, பக்கத்தில் ஒரு தடியை நட்டு, அதில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய பல்ப் ஒன்றும் பச்சை சுற்றிய பல்ப் ஒன்றும் பூட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, பிள்ளையை ஒரு கிழமைக்குத் தாங்கோ."

"அவளுக்குச் சோதினைக் கிழமையடா" என்றாள் அம்மா. வயிற்றில் தங்கை இருந்தாள். அம்மாவுக்கு நாரி பிடித்த நேரம்.

"மூண்டாம் வகுப்புச் சோதினை என்ன பெரிய சோதினை. எனக்கு வாழ்க்கை அக்கா."

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுவதா, பெட்டிக்குள் ஒளித்திருப்பதா?

ஒரு கிழமை, ஏழு நாளும், பழகினேன். பெட்டிக்குள் குந்தியிருந்தால் சின்ன ஓட்டையால் ரியூப்பும் இரண்டு முழம் வீதியும் தெரியும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லு ரியூப்பில் ஏற வேண்டும், மனதுக்குள் இரண்டு எண்ண வேண்டும், சுவிச்சைக் கீழே தட்ட வேண்டும். மாட்டு வண்டிலுக்குத் தட்டக்கூடாது. ஆட்களுக்குத் தட்டக்கூடாது. தும்மக்கூடாது. தேயிலைத் தூள் மணத்துக்குள் தும்மாமல் இருப்பதுதான் பெரிய வித்தை. அதிலும் நான் தேறிவிட்டேன். சின்னமாமா என்னை விஞ்ஞானி என்று கூப்பிட்டார்.

அந்த நாளும் வந்தது. காலையில் கல்லூரி முற்றத்தில் என்னைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பக்கத்துத் தடியில் சிவப்பு எரிந்தது. விரிவுரையாளரின் மோட்டார் சைக்கிள் வந்தது. சில்லு ஏறியது, ஒன்று, இரண்டு, தட்டினேன். பச்சை. மற்றப் பெடியன்கள் கை தட்டியது கேட்டது. திரும்பவும் வந்தது, திரும்பவும் பச்சை. சின்னமாமா காற்றைப் பற்றியும் பலூனைப் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்தார்.

பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. ஓட்டையால் பார்த்தேன். சில்லு இல்லை. இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் நடந்து வந்து ரியூப்புக்கு முன்னால் சேர்ந்து நின்றன. மேலே சிவப்பு எரிகிறது. சப்பாத்துகள் அசையவில்லை. பச்சைக்காகக் காத்திருக்கின்றன.

ஆட்களுக்குத் தட்டக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிற்பவர் வாத்தியார். வாத்தியார் வந்தால் எழும்ப வேண்டும், வழி விட வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஒரு வாத்தியாரை வெயிலில் நிற்பாட்டி வைத்துவிட்டு நான் பெட்டிக்குள் குந்தியிருப்பது எப்படி? இருபது வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. தட்டிவிட்டேன்.

பச்சை எரிந்தது.

"தம்பி, உம்மடை லைற்றுக்கு நல்ல மரியாதை தெரியுது" என்றது வெள்ளைச் சப்பாத்து. "இதுக்குச் சாப்பாடு போடுறது ஆர்?"

மூடி திறந்தது. மெலிந்த, நரைத்த மனிதர். என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி வெளியே விட்டு, தலையில் இருந்த தேயிலைத் தூளைத் தட்டினார். பெடியன்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். சின்னமாமா மட்டும் சுருட்டுக் கொட்டிலில் இருப்பவர்போல நின்றார்.

"என்ன வகுப்புப் பிள்ளை?"

"மூண்டாம் வகுப்பு, சேர்."

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

"சோதினை சேர். பெரிய துரை வந்து கேக்கிற சோதினை. நான் போகேல்லை" என்றேன், பெருமையாக.

அந்த நாளில் வருட முடிவில் வித்தியாதரிசி, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற பெரிய அதிகாரி, காரில் வருவார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவார், கணக்குக் கேட்பார். அவர் சரி என்றால்தான் மேல்வகுப்பு. இதைக் கேட்டதும் விரிவுரையாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னமாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்னமாமா நிலத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. லைற் பிழைவிட்டதால் கோபிக்கிறார், சின்னமாமா தவறிவிட்டார், என்னால்தான் என்று நினைத்தேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, என்னைத் தூக்கித் தன் மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்தினார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஓட்டம் பிறகு வரவில்லை. விமானத்தில் வந்து பிராங்ஃபேர்ட்டில் இறங்கியபோதுகூட இல்லை. காற்று வாயை மூட விடவில்லை. சந்தைக்குப் போன சனம் ஒதுங்கி நின்று பார்த்தது. ரயில் கேற்றடியில் மட்டும் நின்றோம். கேற் பூட்டி, நடுவில் சிவப்பு வட்டம். வாகனம் என்று நிற்பது நாங்கள் மட்டும்தான். வர வேண்டிய ரயிலை, கோச்சியை, இன்னும் காணவில்லை.

"கேற்காரர், ஒரு சின்னப் பிள்ளையின்ரை அலுவல். ஒருக்கால் திறந்து விடும்" என்று கத்தினார்.

"கோச்சி போகாமல் ஏலாது ஐயா. மோட்டச் சைக்கிளெண்டால் என்ன, லொறியெண்டால் என்ன."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மோட்டார் சைக்கிள் கான்டிலில் விரலால் தட்டினார். கடைசியில் சீமெந்து ஏற்றிய சாமான் கோச்சி ஆடி அசைந்து வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், பெட்டிகளைச் சத்தம்போட்டு எண்ணினேன். இன்னும் வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது வித்தியாதரிசியின் கார் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. தலைமை வாத்தியார் வாசலிலேயே நின்றார்.

"அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தால் நானே மறிச்சு வைச்சிருப்பன், சேர்" என்றார்.

விரிவுரையாளர் கையைப் பிசைந்துகொண்டு அவரோடு மெல்லிய குரலில் ஏதோ கதைத்தார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் எங்கள் தலைமை வாத்தியாருக்கு முன்னால் ஏன் பிழை செய்த பெடியன்போல நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க நேரமும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய ஒரே பெண்பிள்ளை நான்தான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். திரும்பப் போகும்போது அவர் என் தலையில் கை வைத்தார்.

சின்னமாமாவுக்கு அவர் இரண்டு மாதத் தவணை கொடுத்தார். நீர் பிடித்த கேள்வி சரி, மோட்டார் சைக்கிளை வீதி கவனிப்பதில்லை, அதை ஆள் வைக்காமல் திருத்திக்கொண்டு வாரும் என்றாராம். மாமா ரியூப்பை மாற்றி, பலூனுக்குப் பதில் தோல் வைத்துத் திருத்தித் தேறினார், கொழும்பில் உத்தியோகம் பார்த்தார், வருடா வருடம் எனக்குச் சட்டைத் துணி அனுப்பினார். நல்ல மனிதர். என்னைத் திரும்பவும் மூன்றாம் வகுப்பில் இருக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்க எனக்கு வெட்கம். அம்மாவுக்குத் தங்கை பிறந்தாள், ஏணையில் போட்டு அவளை ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. நான் ஆட்டினேன்.

அன்றைக்கு இரண்டு பேருக்குச் சோதனை இருந்தது. சின்னமாமாவின் சோதனையை நான் கெடுத்துவிட்டேன் என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெலிந்த மனிதர் ரயில் கேற்றடியில் யாருடைய சோதனைக்காக அப்படித் தவித்தார் என்பது, கோச்சிப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

அதனால், பிள்ளை, உன் பேராசிரியருக்கு எழுது. ஐந்து நிமிடம் என்பது வெறும் ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். வாகனத்தின் முன்னால் யாரை இருத்தியிருக்கிறார்கள் என்பது வீதிக்குத் தெரியாது. அதற்குத்தான் உன் கருவி.

எழுத்துப் பிழை இருக்கும். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள், நானும் அதே வகுப்புத்தான். முதல் எழுத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. கூட்டிக் கூட்டி, ஆறுதலாக வாசி. நான் தும்மாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.