அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒரு சுவர்

ஊரார் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வீட்டின் உடுப்பைக் கழற்றுகிற தொழில் என்னுடையது. லண்டனில் இதைக் கிளாடிங் என்பார்கள். வெளிச்சுவரில் அடித்த பலகை உக்கிப்போனால் கழற்றிவிட்டுப் புதிதாக அடிக்கிற வேலை. இதை எனக்கு எவரும் படிப்பித்ததில்லை. நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில், நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பலகை மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மிச்சத்தை உக்கிய பலகைகளே காட்டித்தந்தன. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிற இந்த நகரத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நீங்களும் சட்டியோடும் துவாயோடும் ஜன்னலடியில் நின்றவர்கள்தான். கீழே இருப்பவை எல்லாம் 2009இல், கோலியர்ஸ் வுட்டில், ஒரே வீட்டில் நடந்தவை.

சிலிக்கோன் துவக்கு

மரியதாஸ் அண்ணையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் ஏணியில் நின்றார், கையில் சிலிக்கோன் துவக்கு, கீறல் அடைக்கிற பசையைப் பிதுக்குகிற சாமான். மன்னார்க்காரர். ரூட்டிங்கில் ஒரு தமிழ்க்கடையில் சாமான் இறக்கி அடுக்குகிற வேலை. அவருடைய வீட்டின் முன்பக்கத்தில், மேல்மாடியில் செங்கல் கிடையாது. மரச்சட்டம், அதன்மேல் பலகை. வீடு வாங்கிய புதிதில் பழைய பலகையைத் தானே கழற்றிப் புதியதைத் தானே அடித்தவர். அன்று அந்தப் பலகைகளின் கீழ்விளிம்பில் இருந்த விரல் அகல இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தார். வருடாவருடம் அடைப்பாராம்.

வான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அது ஓட்டை இல்லை, உள்ளே போன தண்ணீர் வடிந்து காய்கிற வழி என்று சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. குளிருக்குப் பயந்தபடி வந்து இறங்கியவர்கள் நாங்கள். எங்கே ஒரு கீறல் கண்டாலும் அடைப்போம். குளியலறை விசிறிக்கு ஒட்டுநாடா ஒட்டுவோம். கதவில் தபால் போடுகிற வாய்க்குள் பழைய துணியைச் செருகுவோம். பிறகு அறையைச் சூடாக்குகிற றேடியேற்றரில் ஈர உடுப்பைக் காயப்போட்டு, சோற்றுப்பானையைத் திறந்து கொதிக்க விட்டுவிட்டு, சுவரில் ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்போம். இதில் நானும் சேர்த்தி.

அண்ணை நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு துவக்கைத் திரும்பவும் சுவரில் வைத்தார். "காத்து எனக்கு வாடகை தாறதே? அது வெளியில நிக்கட்டும்."

எட்மண்டன் அறை

ஊரில் சண்டை கடைசிக் கட்டத்தில் நின்ற அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு வீட்டைப் பற்றி யோசிக்க மனமிருக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில்தான் மரியதாஸ் அண்ணை நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. பங்குக்கோயில் நிரம்பி வெளியிலும் சனம் நிற்க அடக்கம் நடந்தது. இலை உதிரத் தொடங்கியபோது வந்த முதல் புயல், அவர் அடித்த பலகைகளில் சிலதைப் பிடுங்கி வீதியில் போட்டது.

மகன் ஜெறாட் என்னை அழைத்தான். லண்டனின் வடக்குப் பக்கம், எட்மண்டனில் மனைவி பிள்ளையோடு இருக்கிறான். கொம்பியூட்டர் வேலை, நல்ல பிள்ளை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், இந்த வீடு இனிச் சரிவராது என்று அம்மாவிடம் நான்தான் சொல்லவேண்டும் என்றான். விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்திருக்க யோசனை. சுவரைத் திறந்து பார்க்காமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றேன். அதற்கு எனக்கும் சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. என் மனைவி காலமானபிறகு என் மகளும் லெஸ்டரில் எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி, திரைச்சீலையும் தைத்து வைத்திருந்தாள். நான் போகவில்லை.

அண்ணையின் மனைவி ரோசம்மா அக்கா, ஜெறாட், நான் என்று அடுப்படியில் மூன்று பேருமாக இருந்து ஒரு முடிவுக்கு வந்தோம். பலகையைக் கழற்றுவது. உள்ளே சட்டம் உக்கியிருந்தால் ரோசம்மா அக்கா மறுபேச்சில்லாமல் எட்மண்டனுக்குப் போவார். நல்லாயிருந்தால் மகன் இந்தக் கதையை இதோடு விடவேண்டும். ஜெறாட் காருக்குப் போனதும் அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தபடி என்னிடம் சொன்னார். "உடற்பயிற்சிக்கெண்டு வாங்கின ஓடாத சைக்கிள் ஒண்டு அங்க எனக்கெண்டு சொல்லுற அறையில நிக்குது தம்பி. அதுக்குப் பக்கத்தில என்னையும் நிப்பாட்டப் போறான்."

போர்த்துகிற வேலை

என்னோடு வேலை செய்தவன் சிவபாலன். ஜெர்மனியில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தவன். எந்த உயரத்திலும் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பான். அவனிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. பழைய பலகையைக் கழற்றாமல், அதற்கு மேலேயே வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அடித்துவிடுவது. அந்த வீதியில் பாதி வீடுகள் அப்படித்தான் நின்றன, குளிர்பெட்டிகளை வரிசையாக அடுக்கியதுபோல. அப்படிப் போர்த்தப்பட்ட ஒரு வீட்டை அப்டன் பார்க்கில் பிறகு நாங்கள் திறந்தபோது, உள்ளே இருந்ததை வாளியில் அள்ளவேண்டி வந்தது. அள்ளியவன் இதே சிவபாலன்தான்.

ஆனாலும் இந்த முறை அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சுவரைத் திறக்காவிட்டால் உக்கல் தெரியாது. உக்கல் தெரியாவிட்டால் அக்கா எங்கேயும் போகத் தேவையில்லை. மகனுக்கும் புது வெள்ளைச் சுவர், எல்லோருக்கும் சந்தோஷம். நான் சுவரோடு கட்டிய சாரத்தின் தட்டில் நின்று யோசித்தேன். அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் அக்காவின் கட்டில் கிடந்தது. அவர் அந்த வீட்டில் இருக்கவேண்டுமென்றால் உக்கலை ஒளித்துவைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. கழற்றத்தான் வேண்டும் என்றேன். சிவபாலன் சுத்தியலை எடுக்காமல் என்னைப் பார்த்தான். "அண்ணை, நாங்கள் டொக்டர்மார் இல்லை. போர்த்திப்போட்டு வீட்ட போவம்."

யானையும் சேவலும்

முதல் பலகை கழன்று வந்ததும் சிவபாலன் பாட்டை நிறுத்தினான். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு துணி விரிப்பது வழக்கம். மழைத்தண்ணீரை மறித்து, உள் ஈரத்தை வெளியே விடுகிற துணி. அந்த இடத்தில் ஒரு யானை எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த பலகையைக் கழற்ற ஒரு சேவல். மரியதாஸ் அண்ணை கடையில் வெறுமையான அரிசிச் சாக்குகளை, பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்குகளை, வெட்டி விரித்து, மேல்சாக்கு கீழ்ச்சாக்கின் மேல் படிகிற மாதிரி ஒழுங்காக அடித்திருந்தார். மத்தியானத்துக்குள் முழுச்சுவரும் தெரிந்தது. படங்களுக்குக் கீழே அச்செழுத்தில் சம்பா, புழுங்கல், பச்சை, இடைக்கிடை சமைக்கும் முறை.

வீதியில் போனவர்கள் நின்றார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து, இது உங்கள் சமயத்தில் ஒரு வழக்கமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஜெறாட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் ஒரு சாக்கைத் தூக்கி உள்ளே உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. அடுத்ததையும் தூக்கினேன். அதுவும். நெய்த சாக்கு என்றபடியால் ஈரம் இழைகளுக்குள்ளால் வெளியே போயிருக்கவேண்டும். இன்னொரு தடவை செய் என்றால் நான் செய்யமாட்டேன், உங்களுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுவரில் அது வேலை செய்திருந்தது.

அக்கா வீட்டுச் செருப்போடு வீதிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். கடையிலிருந்து வெறும் சாக்குகளைக் கட்டிக்கட்டிக் கொண்டுவருகிறாரே என்று அந்தக் காலத்தில் அண்ணையோடு சண்டை பிடித்தவராம். எறிந்துவிட்டேன் என்று சொல்லித்தான் அண்ணை சமாளித்தாராம். அக்கா யானையைக் கையால் காட்டிச் சொன்னார். "இவ்வளவு காலமும் அரிசிக்குள்ளதான் என்னைக் குடிவைச்சிருக்கிறார் மனுசன்."

ஸ்குறூட்றைவர்

என் வாய்ச்சொல் ஜெறாட்டுக்குப் போதாது என்று தெரியும். அதனால் ஸ்குறூட்றைவரை அவன் கையில் கொடுத்து, நீயே குத்திப்பார் என்றேன். மேலே, நடுவில், ஜன்னலுக்குப் பக்கத்தில் எங்கே குத்தியும் ஏறவில்லை. அவன் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு குனிந்து கீழ்ச்சட்டத்தில் குத்தினான். தேத்தண்ணியில் ஊறின பாண்துண்டுக்குள் போவதுபோல ஸ்குறூட்றைவர் பிடிவரைக்கும் போனது. வருடாவருடம் சிலிக்கோன் வைத்து அடைத்த இடம். மேலிருந்து வடிந்த தண்ணீர் எல்லாம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கியிருந்தது.

பேச்சு பேச்சுத்தானே அங்கிள் என்றான். கீழ்ச்சட்டம் மட்டும்தான் பழுது, முட்டுக்கொடுத்து அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கட்டை வைக்கலாம் என்றேன். உக்கல் என்றால் உக்கல்தான் என்றான். நான் குரலை உயர்த்தினேன், அவனும் உயர்த்தினான். சிவபாலன் கீழே இறங்கிப் போய்விட்டான். அப்போதுதான் ஜெறாட்டின் கண்ணைப் பார்த்தேன். வேலையில் நிற்கும்போது தகப்பனைப் பற்றிப் போன் வந்தவன். தாயைப் பற்றியும் அப்படி ஒரு போன் வரும் என்று பயந்துகொண்டிருந்தான். சட்டத்தைப் பற்றி எனக்கு விடை தெரியும். இந்தப் பயத்துக்கு எனக்கு விடை தெரியாது.

எங்கள் தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது. அக்கா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகனைப் பார்த்து, ஆனால் என்னிடம் சொன்னார். "என்ர முழங்கால் ரெண்டும் பழுது எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை. முழங்காலைத்தான் மாத்தினவை, என்னை மாத்தேல்லை. கட்டையை வெட்டுங்கோ தம்பி."

முடியாத வேலை

வெட்டினோம். புதுக்கட்டை வைத்து, முறையான துணி விரித்து, மேலே நல்ல மரப்பலகை அடித்து, சாம்பல் நிறப் பூச்சும் பூசினோம். கீழ்விளிம்பில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, பூச்சி போகாமல் கம்பிவலை வைத்தேன். ஜெறாட் அந்தப் பக்கமே வரவில்லை, ஆனால் பின்னேரங்களில் தாய்க்குப் போன் எடுத்தான். அக்காவோடு கோயிலுக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். மேலும் கீழும் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். அவர்களில் மூத்தவர் எனக்கு நோகாத மாதிரி ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வேலை நல்லாத்தான் கிடக்கு. இந்த ஓட்டையை எப்ப அடைப்பீங்கள்?"

மத்தியானச் சாப்பாடு

அதற்குப் பிறகு வந்த பெரிய புயல் ஒரு சனிக்கிழமை. குப்பைவாளிகள் வீதியில் உருண்டுகொண்டிருந்தன. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்குப் போனால், ஜெறாட்டின் கார் எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றது. காற்று அடங்கும்வரைக்குமாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோக வந்திருந்தான். பெட்டி கட்டச் சொல்லி அவன் கேட்க, அக்கா காரை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடச் சொன்னார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். புட்டும் மீன்குழம்பும்.

காற்று சுவரைத் தள்ளுகிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெறாட் சாப்பாட்டின் நடுவில் எழும்பி மேலே போனான். நான் போகவில்லை, ஆனால் அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சுவரில் கையை வைத்துப் பார்க்கிறான். இறங்கி வந்து இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டான். அந்த நேரம் அவனுடைய மனைவி போன் எடுத்தாள். எட்மண்டனில் அவர்களுடைய கூரை ஓடுகள் கழன்று பின்வளவில் விழுந்துகொண்டிருந்தன. பிள்ளை அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

அக்கா எழும்பி, மிச்சக் குழம்பைப் போத்தலில் ஊற்றி மூடி, அவன் கையில் கொடுத்தார். "கெதியாப் போய் உங்கட கூரையைப் பார் ராசா. ஏலாட்டி எல்லாரும் இஞ்ச வாங்கோ, அறை இருக்கு."

ரோசம்மா அக்கா அந்த வீட்டிலேயே இருந்து, சில வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டிலேயே ஒருநாள் மத்தியானம் கண்ணை மூடினார். இப்போது அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது, பலகைகள் அப்படியே நிற்கின்றன, மழை அடிக்கிற மூலைக்கு மட்டும் ஒரு பூச்சு வேண்டும்.