இரவல் போனில் போட்ட விண்ணப்பம்

“…ஆள் பிடிச்சுத்தான் எனக்கு இடம் கிடைச்சுதுன்னு குரூப்ல எழுதியிருக்கியே, எந்த ஆளுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லேன்” என்று வாசலில் வந்து நின்றார் பரீதா அக்கா. மன்னார்குடியில் எங்கள் பக்கத்து வீடு.

புதிதாக வரப்போகும் ஆன்லைன் தாய விளையாட்டை முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை சொல்ல, ஒரு நிறுவனம் தன் வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் கேட்டிருந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். அக்காவை எடுத்தார்கள், என்னை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரிகூட வரவில்லை. தாயத்தில் எப்போதும் அவரை ஜெயிப்பவள் நான். அவர் ஆடிச் சிரிக்கும் சத்தம் சுவர் தாண்டி வரவர எனக்கு வயிறு எரிந்தது. எழுதிவிட்டேன்.

அக்கா தன் போனை நீட்டினார். நிறுவனம் குரூப்பில் பதில் போட்டிருந்தது: பழைய போனிலும் ஆட்டம் ஓடுமா என்று பார்க்க, அந்த மாதிரி போன் வைத்திருப்பவர்களைத்தான் தேடினார்களாம். நானோ மதிப்பாக இருக்கட்டும் என்று, துபாயிலிருந்து வந்த தம்பியின் புதுப் போனில் விண்ணப்பித்திருந்தேன். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

இப்போதெல்லாம் காரணம் தெரியாவிட்டால் எடுத்தவர்களிடமே கேட்கிறேன், இடம் கிடைத்தவரை ஏசுவதில்லை.

அன்று, “தப்புதாங்கக்கா” என்றேன். அக்கா உள்ளே வந்தார். அலமாரியிலிருந்த என் கீறல் விழுந்த பழைய போனை எடுத்து, அடுத்த சுற்றுக்கான விண்ணப்பத்தில் என் பெயரை அவரே அடிக்க ஆரம்பித்தார்.