மஞ்சள் தெளித்த அசமன்பாடு

சாம்பார் அடிப்பிடித்த நாளில்தான் கணக்கு வாத்தியார் மாதவராஜின் குணம் பாஞ்சாலிக்குத் தெரிந்தது. பென்னாகரம் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள் அவள். பிள்ளைகள் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளிய நேரத்தில் அவர் நடுவில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாத்தியாரே சாப்பிடும்போது பிள்ளைகள் என்ன சொல்ல முடியும்? மறுநாள் வயிறு சரியில்லை என்று அவர் லீவு.

அந்த நன்றியில்தான், ஆடி மாதம் அவர் வந்து மஞ்சள்தூள் கேட்டபோது எதற்கென்று கேட்காமல் அள்ளிக் கொடுத்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு அவர் அசமன்பாடு நடத்திக்கொண்டிருந்தார். அது ஒரே விடையில் அடங்குகிற கணக்கில்லை. கோட்டுக்கு ஒரு பக்கம் இருப்பதெல்லாம் விடை. கோடும் சேர்த்தி என்றால், அதாவது சமக்குறியும் இருந்தால், முழுக்கோடு. சேர்த்தியில்லை என்றால் விட்டுவிட்டுப் போடும் கோடு. வத்தல்மலையிலிருந்து வந்து படிக்கும் சந்தியாவுக்கு இது மட்டும் ஏறவே இல்லை. கரும்பலகையில் காட்டிச் சலித்தவர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு முழுக்கோடு இழுத்தார். விடைப் பக்கம் மஞ்சள்தண்ணி தெளித்தார். பையன்கள் மிதித்துவிடாமல் மூலைக்கு மூலை வேப்பங்கொத்தும் நட்டார்.

சுண்ணாம்பு, மஞ்சள், வேப்பிலை, அதுவும் ஆடியில். விடிந்ததும் அந்த வழியாகக் களை எடுக்கப் போன பெண்கள் வேறென்ன நினைப்பார்கள்? மாரியாத்தா வந்து இடம் பிடித்துவிட்டாள். பள்ளி மணி அடிப்பதற்குள் மஞ்சளுக்கு நடுவில் குங்குமம் வைத்த கல் ஒன்று உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் கூழ்ப்பானை. விடைக்குள் ஒருவரும் செருப்போடு நுழையவில்லை.

தலைமையாசிரியருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மறுநாள் அதிகாரி பள்ளியைப் பார்க்க வருகிறார். அதற்குள் கல் மஞ்சளை விட்டு வெளியே போகாவிட்டால், மஞ்சள் கொடுத்தது யாரென்று விசாரித்து மேலே எழுதிவிடுவேன் என்றார். சத்துணவு மஞ்சள் என்று தெரிந்தால் பாஞ்சாலியின் வேலை போய்விடும். மாதவராஜ், அது தன் வீட்டு மஞ்சள் என்றார். அறை எடுத்துத் தங்கி டீயும் பன்னும் தின்கிற மனுஷனுக்கு வீட்டில் ஏது மஞ்சள்? தலைமையாசிரியர் நம்பவில்லை.

கல்லைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்று பூசாரி சென்னம்மாளிடம் மாதவராஜ் கும்பிட்டுச் சொன்னார். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நகரச் சம்மதம். சின்னக் குழந்தை ஒன்றிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். பாஞ்சாலி கண்ணைத் திறக்காமல், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளை வந்தது.

சென்னம்மாள் கல்லைச் சுமந்து வேலிப் பக்கம் நடந்தாள். கோடு வேலியைத் தொடுகிற இடம் வந்ததும் பாரம் கூடிவிட்டதென்று இறக்கி வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல ஆத்தா வரமாட்டேங்கறா."

தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். கல் சரியாகக் கோட்டின்மேல்.

"என்னங்க மாதவராஜ், உங்க கணக்குல இது உள்ளயா, வெளியயா?"

முழுக்கோடு. அப்படியென்றால் கல் உள்ளேதான். கணக்கில் பொய் சொல்ல மாதவராஜுக்கு வராது. அப்போது சந்தியா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, கோட்டின் நீளத்துக்கும் நடந்துகொண்டே காலால் அங்கங்கே அழித்தாள். கோடு விட்டுவிட்டுப் போட்டதுபோல ஆயிற்று.

"இப்ப சமக்குறி போயிருச்சுங்க சார். கோடு சேர்த்தியில்ல. ஆத்தா வெளியதான் இருக்கறா."

தலைமையாசிரியர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். விசாரணையும் அதோடு போயிற்று. மறுநாள் வந்த அதிகாரி முதலில் ஆத்தாளைக் கும்பிட்டார், பிறகு கூழ் குடித்தார், அதற்குப் பிறகுதான் வகுப்பைப் பார்த்தார். ஆத்தா கணக்கு ஆத்தாளுக்குத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் மாதவராஜுக்குப் பொம்மிடிப் பக்கம் மாறுதல் வந்தது. பாஞ்சாலி புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் போனாள். அடிப்பிடிக்கவில்லை என்று கேட்காமலே சொன்னாள். பஸ் நகரும்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பாஞ்சாலிம்மா, அடுத்து வர்ற வாத்தியாரு மஞ்சள் கேட்டா, எதுக்குன்னு கேட்டுட்டுக் குடுங்க."