ஒத்தை ஊசி அக்காவின் நாலு மணி நேரம்

அந்த டயாலிசிஸ் வார்டில் அவளைத் திட்டாத நோயாளி கிடையாது. அவள் லீவு போட்டால் முதலில் புலம்புகிறவர்களும் அவர்களேதான். புலம்பலுக்குக் காரணம் அவள் கை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு முன்கையில் ரத்தக்குழாய்களை வெட்டி இணைத்து வைத்திருப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அந்த இடத்தில் தடித்த ஊசி இரண்டை இறக்கி, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விட வேண்டும். மற்ற டெக்னீஷியன்கள் குத்தி, இழுத்து, மறுபடி குத்தி, கையைக் கத்தரிக்காய் நிறத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அவள் இரண்டு விரலால் தோலைத் தடவி, உள்ளே ஓடும் துடிப்பைப் பிடித்து, ஒரே குத்தில் இறக்கிவிடுவாள். அதனால் ஒத்தை ஊசி அக்கா என்று பேர்.

திட்டுக்குக் காரணம் அவள் வாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் உயிரை வாங்கினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். ரத்தம் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது எங்கே இறங்குவது? நாலு மணி நேரம் கையை நீட்டிப் படுத்தே ஆக வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இயேசுவைப் பற்றி ஆரம்பிப்பாள். நடுவில் வேறு மெஷின் கத்தினால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒரு வார்த்தை மறக்க மாட்டாள்.

பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. முன்பெல்லாம் வேலை உண்டு, வீடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை சபை உண்டு என்று இருந்தவள்தான். நாலாம் கட்டிலில் ஒரு தையல்காரி வருவாள். ஒரு சனிக்கிழமை, ஊசியை எடுக்கும் நேரத்தில், நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள், எனக்கும் சொல்லுங்களேன் என்று கேட்டாள். ஷிஃப்ட் மாறும் அவசரம், கழுவ வேண்டிய மெஷின் மூன்று காத்திருந்தது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரிக்கு இதயம் நின்றுபோனது. அன்றிலிருந்து அக்காவுக்கு வாயை மூடினாலே யாரோ செத்துப்போவார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பயந்தவர்கள் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் பிடித்துக்கொண்டாள். பெரும்பாலோர் தலையாட்டி வைத்தார்கள். ஊசி போடுகிறவளை எதற்குப் பகைத்துக்கொள்வது என்ற நினைப்பு. அவள் அந்தத் தலையாட்டலையெல்லாம் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டு, ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதி வைத்தாள்.

ஆறாம் கட்டிலுக்கு வந்த பிரஸ்காரர் தலையாட்டுகிற ஜாதி இல்லை. நாற்பது வருஷம் அச்சகம் நடத்தியவர். யாரையும் மதிக்காத கண், யாரையும் விடாத நாக்கு. எடை பார்க்கிற மெஷினையே நம்பாமல் இரண்டு தடவை ஏறி இறங்குவார். கை மட்டும் பாவப்பட்ட கை. ரத்தக்குழாய் ஆழத்தில் வளைந்து ஓடும். வேறு இரண்டு ஆஸ்பத்திரியில் குத்து வாங்கிவிட்டு வந்திருந்தார். அக்கா தடவினாள், கண்ணை மூடினாள், இறக்கினாள். அவருக்கு நன்றி சொல்கிற வழக்கம் இல்லை.

அன்றைக்கே ஸ்டூல் வந்தது, துண்டுப் பிரசுரமும் வந்தது. அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இது நான் அடிச்சதும்மா. முதல் பதிப்பு ரெண்டாயிரம் காப்பி. புரூஃப் பார்த்ததும் நான்தான். உங்க சரக்கு எதுவும் எனக்குப் புதுசில்ல."

கேட்டறியாதவருக்குச் சொல்வதுதானே ஊழியம்? இவரோ எழுத்தெழுத்தாகக் கோத்துப் படித்தவர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு அது வேறு விதமாகப் பட்டது: இவ்வளவு தெரிந்தும் வரவில்லையென்றால் மனசில் ஏதோ காயம் இருக்கிறது. அடுத்த மூன்று வாரம் அந்தக் காயத்தைத் தோண்டினாள். மனைவி இறந்ததாலா, சொந்தக்காரர் ஏமாற்றியதாலா, சின்ன வயதில் யாராவது அடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் அவர் எரிந்து விழுந்தார். தனக்கு ஒரு காயமும் இல்லை, வேண்டாம் என்கிறவனுக்கெல்லாம் காயம் இருக்க வேண்டுமா, பசிக்கவில்லை என்றால் வயிற்றில் புண் என்று அர்த்தமா என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. இன்சார்ஜ் அம்மா கூப்பிட்டு எச்சரித்தாள். அக்கா வீட்டுக்குப் போய், விசுவாசத்துக்காக அவமானப்பட்டேன் என்று அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவரும் விசுவாசிதான், ஆனால் வாய் அளவோடு திறக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒன்று சொன்னார்.

"நான் வேன்ல பாட்டு போட்டா பசங்க கேட்டுத்தான் ஆகணும். கதவு என் கையில இருக்கு. அதுக்காக அவங்களுக்குப் பாட்டு பிடிச்சிருக்குன்னு சொல்ல முடியுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வாரம் நடந்ததுதான் அநியாயம். ஊசியை உருவிய பிறகு பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீறிடும். பிரஸ்காரர் கையை அழுத்திப் பிடித்தபடி அவள் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினாள். பத்து நிமிஷமும். கையை எடு என்றார். எடுக்க முடியாது சார், ரத்தம் வரும் என்றாள். அது உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது, கண்ணோரம் நனைந்தது. அந்தக் கண்ணீரை அவள் மனந்திரும்புதல் என்று நினைத்தாள். ஆத்திரத்தில் அழுகிற கிழவரை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பிரஸ்காரர் மத்தியான ஷிஃப்டுக்கு மாறினார். அங்கே இருந்த டெக்னீஷியன் முதல் நாள் நாலு குத்து, இரண்டாம் நாள் ஐந்து குத்து. கை வீங்கித் தலையணை ஆகிவிட்டது. கழுத்தில் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். முடியாது என்றார் இவர். பிறகு வரவே இல்லை. திங்கள் போனது, புதன் போனது. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் நெஞ்சில் ஏறும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் தாண்டினால் ஆள் மிஞ்ச மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் வந்தாள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே அக்காவிடம்.

"எங்கப்பா நீங்க இருக்கிற ஷிஃப்டுக்கு வரமாட்டாராம். செத்தாலும் பரவாயில்லையாம். உங்க சாமி இதைத்தான் செய்யச் சொல்லுச்சா?"

ஆறு கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தன. தலையாட்டிகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அவளுக்காக வாய் திறக்கவில்லை, நோட்டில் பேர் எழுதப்பட்டவர்கள் உட்பட. தான் பேசாததால் தையல்காரி போனாள் என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது பேசியதால் ஒருவர் போகப் போகிறார்.

ஷிஃப்ட் முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனாள். கீழே அச்சகம், மேலே வீடு. படிக்கட்டு முழுக்க மை வாசனை. பிரஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அவளைப் பார்த்ததும் மகளைத் திட்டினார், இவளை எதற்கு உள்ளே விட்டாய் என்று. நாலு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. திட்டு மட்டும் நிற்கவில்லை.

அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டவள் அதோடு நிறுத்தினாளா? உங்களுக்காக நேற்றிலிருந்து சாப்பிடாமல் ஜெபிக்கிறேன் சார் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். பழக்கம் விடாது.

"உன் கை எனக்கு வேணும்" என்றார் அவர். "உன் வாய் எனக்கு வேண்டாம். ரெண்டும் சேர்த்துத்தான் தருவேன்னா ரெண்டுமே வேண்டாம்."

"நீங்க இப்படியே போயிட்டா நான் இயேசுவுக்கு என்ன பதில் சொல்வேன் சார்?"

"அது உனக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். நடுவுல என் கையை ஏன் இழுக்கிற?"

அவர் நிபந்தனை போட்டார். ஒரு வார்த்தை கூடாது. மனசுக்குள் ஜெபிக்கிறேன் என்று சொல்லிக் காட்டக் கூடாது. பெருமூச்சு கூடாது. முகத்தால்கூடப் பிரசங்கம் பண்ணக் கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சரி என்ற ஒவ்வொரு தடவையும் அவரைத் தானே நரக நெருப்பில் தள்ளுவதுபோல அவளுக்குப் பட்டது. அந்த நரகத்தை அவள் அப்படியே, எழுத்துக்கு எழுத்து, நம்புகிறவள். ஆனால் மூச்சு வாங்குகிற மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்தது, வீங்கிய கையில் வீங்காத இடம் தேடி ஒரே குத்தில் ஊசி இறங்கியது, நாலு லிட்டர் தண்ணீர் வெளியே வந்தது.

அதன் பிறகு ஏழு மாதம். அவர் ஒரு நாளும் சிரிக்கவில்லை. பஞ்சு ஈரமாக இருக்கிறது, மெஷின் சத்தம் போடுகிறது, உன் செருப்பு சத்தம் போடுகிறது என்று குறை சொன்னார். அவள் ஊசி போட்டாள், ரத்த அழுத்தம் எழுதினாள், ஊசி எடுத்தாள். ஆறாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போடுவதே இல்லை. மற்ற கட்டில்களிலும் கேட்டவர்களிடம் மட்டும் பேசினாள். அப்படிக் கேட்டது ஒரே ஒரு அம்மாள்தான், ஐந்தாம் கட்டிலில்.

ஒரு புதன்கிழமை சபையின் நோயாளி சந்திப்புக் குழு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்சார்ஜ் அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அந்தக் குழுவை வார்டுக்குள் கொண்டுவந்ததே அக்காதான். தலைவி அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. பிரஸ்காரரின் கடின மனசைப் பற்றி, அக்கா முன்பு சபைக்குக் கொடுத்த ஜெபக் குறிப்பில் படித்துப் படித்து மனப்பாடம் செய்தவள். மூன்று பேரோடு நேரே ஆறாம் கட்டிலுக்கு நடந்தாள். அவர் ஊசி ஏறிப் படுத்திருந்தார். அக்கா கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவர் வேண்டாம் அண்ணி."

தூங்குகிறாரா என்று கேட்டாள் நாத்தனார். முழித்துத்தான் இருக்கிறார், அவருக்கு வேண்டாம் என்றாள் இவள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது.

"பத்து நிமிஷம்தான். மெஷின்ல மாட்டியிருக்காரு, எங்க எழுந்து ஓடப் போறாரு?"

"அதனாலதான் வேண்டாம்ங்கிறேன்."

நாத்தனார் முகம் மாறியது. கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ பின்வாங்கிப் போய்விட்டாய், உலகத்துக்குப் பயந்துவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். உன் புருஷனிடம் பேசுகிறேன், சபையில் பேசுகிறேன் என்றாள். அக்கா நகரவில்லை. கடைசியாக நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மனுஷன் நாளைக்குப் போயிட்டா அந்த ஆத்துமாவுக்கு நீதான் பதில் சொல்லணும். தெரியுதா?"

"தெரியுது அண்ணி. சொல்றேன். அஞ்சாம் கட்டில் அம்மா உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அங்க போங்க."

அவர்கள் போனார்கள். இனி அந்தக் குடும்பத்தில் நல்ல முகம் கிடைக்காது, சபையில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஓடும் எண்களைப் படிப்பதுபோல நின்றாள்.

"நான் நரகத்துக்குத்தான் போவேன்னு இன்னும் நம்புறியா?" என்றார் பிரஸ்காரர், கூரையைப் பார்த்தபடி.

அவள் வாய் திறக்கவில்லை. கேட்கிறேன் அல்லவா என்று அதட்டினார்.

"பதில் சொல்லலாமா சார்?"

"ஒரே வார்த்தை."

"ஆமா."

"நம்பிக்கிட்டேதான் மறிச்சு நின்னியா?"

"ஆமா சார்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சரி போ, உன் வேலையைப் பாரு என்றார். கையுறையில் ரத்தம் இருந்ததால் அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் கட்டிலில் மெஷின் கத்த ஆரம்பித்திருந்தது, அதைப் பார்க்கப் போனாள்.