எங்களுக்கு வராத கோட்டு

எங்கள் ஆடைத் தொழிற்சாலை பாலாவிச் சந்தியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. சீமெந்து லொறிகள் போய்வரும் பாதை என்பதால் சாம்பிள் அறையின் யன்னல்களை நாங்கள் திறப்பதில்லை. திறந்தால் மத்தியானத்துக்குள் வெள்ளைத் துணி மங்கிவிடும். அந்த மூடிய அறைக்குள், இந்தப் பக்கத்தில் யாரும் ஒருநாளும் போடப்போகாத ஒரு குளிர்காலக் கோட்டை ஏறக்குறைய ஒரு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தோம்.

என் வேலை அதுதான். வெளிநாட்டு நிறுவனம் ஒரு படத்தை அனுப்பும். அதை ஒரு பெண் உடுத்திக்கொண்டு நடக்கக்கூடிய உடுப்பாக மாற்றுவது என் பொறுப்பு. துணி தேட வேண்டும், அட்டையில் பேட்டர்ன் வெட்டுவிக்க வேண்டும், ஒரு மாதிரி தைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். சரி என்று வந்த பிறகு கீழே மெசின் வரிசைகளான லைன்களில் அது ஆயிரக்கணக்கில் தைக்கப்படும்போதும் நான்தான் பக்கத்தில் நிற்பேன். மாதிரி தைப்பதால் தொழிற்சாலைக்கு ஆதாயம் எதுவுமில்லை. பின்னால் வரும் பெரிய ஓடருக்காகத்தான் அத்தனை பாடும்.

அந்தக் கோட்டைத் தைத்தவர் உடப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து வரும் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். குவைத்தில் வீட்டுவேலைக்கு இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பி வந்த அன்று தன் மகள் தன்னிடம் வராமல் அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதை, தையலுக்கு நடுவில் தலை நிமிராமலே ஒரு தடவை சொன்னார். "இனிப் போறதில்ல எண்டு அவள்ட தலையில கை வச்சுச் சொல்லியிருக்கன் மிஸ்" என்றார். நான் அவரை அக்கா என்பேன். அவர் எல்லோரையும் போல என்னை மிஸ் என்பார்.

கோட்டின் கைதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. நின்றால் அழகாக இருக்கும். கையைத் தூக்கினால் முழுக் கோட்டும் கூடவே ஏறும். அக்குளைத் தாழ்த்தி வெட்டினோம், இன்னும் மோசமானது. கையை அகலமாக்கினோம், தோளில் சுருக்கம் விழுந்தது. கம்பளித் துணி நீராவி பட்டதும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கியது. அந்த அளவு உடம்புள்ள ஒரு பிள்ளையை லைனிலிருந்து கூப்பிட்டுப் போட்டுப் பார்ப்போம். மின்விசிறிக்குக் கீழே அந்தக் கோட்டுக்குள் நின்று அவள் வியர்த்து வழிவாள். நாங்கள் இருவரும் ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருவோம். கணினித் திரையில் தெரியும் அந்த நிறுவனத்து அம்மணி, "கையைத் தூக்கச் சொல்லுங்கள்" என்பார். அவள் தூக்குவாள். அம்மணி உதட்டைப் பிதுக்குவார்.

கடைசியில் அக்குளுக்குள் வெளியே தெரியாதபடி வாழையிலை நுனி போல ஒரு சிறு துண்டை வைத்துப் பார்த்தோம். அதன் வடிவத்தை நான் வரைந்து வரைந்து அழித்தேன். அக்கா தைத்துத் தைத்துப் பிரித்தார். அந்த வருடம் ஊர்த் தீமிதிக்குக்கூட அவர் ஒரு நாள்தான் லீவு எடுத்தார். எங்கள் வீட்டில் உம்மா, "இன்னமும் அந்தக் கோட்டுத்தானா மகள்?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு காலை அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாள், கோட்டு அசையவில்லை. மறுபடி தூக்கச் சொன்னேன். அசையவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளைதான், "சரியா மிஸ்? கழட்டட்டா?" என்று கேட்டாள்.

ஒப்புதல் வந்தது. கோட்டுக்கென்றே புது லைன் ஒன்று போடுவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு அக்காவைச் சுப்பவைசராக்க வேண்டும் என்று மனேஜரிடம் கேட்டேன். பார்ப்போம் என்றார். அதை அக்காவிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்குக் கத்தத் தெரியாதே மிஸ்" என்றார். ஆனால் அதன்பிறகு சாப்பாட்டு நேரங்களில் கீழே போய் மெசின்களை எப்படி வரிசையாக வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

மனேஜர் சிலாபத்துப் பக்கத்தவர். சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தமிழிலேயே தொடங்கினார்.

"இரிங்க மிஸ். கோட்டு ஓடர் நமக்கு இல்ல."

"தள்ளிப் போட்டாங்களா சேர்?"

"இல்ல. வேற நாட்டுக்குக் குடுத்திட்டாங்க. அங்க விலை குறைவு. நம்ம பேட்டர்ன், சாம்பிள் எல்லாம் அங்க அனுப்பச் சொல்றாங்க."

"அது நாங்க செஞ்சது சேர்."

"ஓம். அவங்க சரி எண்டு சொன்ன நாளிலேருந்து அது அவங்கட. ஒண்ணும் செய்ய ஏலாது."

அவர் கெட்டவர் அல்ல. என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையில் கிடந்த துணித்துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். கோபப்படலாம் என்றால் கோபப்பட ஆளில்லை. அந்த அம்மணிகூட, தானும் மனம் வருந்துவதாக இரண்டு வரி எழுதியிருந்தார்.

பெட்டியை நானும் அக்காவும்தான் கட்டினோம். பேட்டர்ன் அட்டைகளைச் சுருட்டினோம். கோட்டை மெல்லிய தாளில் சுற்றினோம். ஓடர் போன கதையை நான் சொல்லி முடித்தபோது அக்கா பெட்டியின் மூடியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் அதோடு விடவில்லை. சில வாரங்கள் கழித்து மனேஜர் மறுபடி கூப்பிட்டார். அங்கே உள்ளவர்களுக்கு அந்த அக்குள் துண்டு சரிவரவில்லையாம். வீடியோவில் தைத்துக் காட்ட வேண்டுமாம். மறுத்தால் மற்ற ஓடர்களும் போய்விடும் என்று தலைமை அலுவலகத்தில் பயந்தார்கள்.

நான் போய் அக்காவிடம் சொன்னேன்.

"நானே தைச்சுக் காட்டணுமா மிஸ்?"

"ஓம் அக்கா. நான் பேசுறன். நீங்க தைச்சாப் போதும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கமராவை அவருடைய விரல்களுக்கு நேரே பிடித்தேன். திரையின் அந்தப் பக்கம் எங்களைப் போலவே ஓர் அறை, எங்களைப் போலவே ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா. எங்கே நிறுத்தி ஊசியைத் துணிக்குள்ளேயே விட்டுத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். அக்கா மெதுவாகத் தைத்தார். அவளுக்குப் புரியவில்லை என்றதும் பிரித்து மறுபடியும் தைத்தார். ஒன்றை மறைத்துவிடலாம், ஒரு தையலைத் தவறாகக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அக்காவுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் நன்றி சொன்னாள். பிறகு அறையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உடைந்த ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்: "இந்த ஓடர் உங்களிடம் எவ்வளவு காலம் இருந்தது?"

"எங்களிடம் வரவேயில்லை" என்றேன்.

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றினாள். பிறகு திரை அணைந்தது.

"அவ என்ன கேட்டா மிஸ்?" என்றார் அக்கா.

சொன்னேன். "பாவம், அவவும் பயப்படுறா" என்றார். மெசினிலிருந்த நூல் தூசியை ஊதிவிட்டு எழுந்தார்.

புது லைன் போடப்படவில்லை. பழைய லைன்களிலும் வேலை குறைந்தது. மேலதிக நேரம் நின்றுபோனது. சாம்பிள் அறையில் பாதி மெசின்களுக்கு உறை போட்டார்கள். ஒரு பின்னேரம் உடப்புக்குப் போகும் கம்பனி பஸ் கிளம்ப முன் அக்கா என்னைத் தேடி வந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சிலாபத்து ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. அடுத்த சீசனுக்கு ஏதாவது வரும்."

"வரும் மிஸ். வந்தா நீங்க செய்வீங்க, நானும் தைப்பன். பிறகு?"

அவருடைய தோளில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துவிட்டேன்.

"மகளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார். பஸ் ஹோன் அடித்தது. ஏறிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் வழக்கமாக இருப்பவர்கள் இடம் விட்டார்கள். அவர் யன்னல் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போய்விட்டார். நான் போகவில்லை. வேறு வேலைக்குப் போகவேண்டும் என்று நினைத்துக் கொழும்பில் இரண்டு இடங்களில் பேசிப் பார்த்தேன். அங்கேயும் இதே கதைதான், கட்டடம்தான் பெரிது. படித்த படிப்பும் இத்தனை வருட வேலையும், அடுத்தவர் தைத்துச் சாப்பிடுவதற்கு ஒன்றைச் சரிசெய்து கொடுப்பதில் போய் முடிகிறது. அவர்களும் சாப்பிடுகிறார்களா என்பது நிச்சயமில்லை. காலையில் உடுத்துவதற்கே சில நாட்களில் கை எழும்புவதில்லை. உம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவா.

போன கிழமை புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது. இடுப்பில் மடிப்பு வைத்த ஒரு நீளக் காற்சட்டை. மேசையில் விரித்து வைத்து, துணிக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மீதியிருக்கும் இரண்டு தையற்காரப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லாரிக்கி மிஸ். இது எங்களுக்கு வருமா?"

"தெரியாது" என்றேன்.

இருவரும் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான் மடிப்பின் ஆழத்தை அளக்கத் தொடங்கினேன்.