நின்ற வண்டி இழுத்த காற்று

நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வலது உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். மூன்று அங்குல வட்டத்தில் ஒரு தழும்பு. 1986, ஆடிக் கிருத்திகை அன்று, பட்டப்பகலில் வந்தது.

அன்று எனக்குப் பிடிபடாமல் போனது மிகச் சின்ன விஷயம். எஞ்சின் ஓடாத காரில் ஒரு மீட்டர் முள் ஆடியது.

விளக்கமாகச் சொல்கிறேன். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நானும், என்னைப் பாவா என்று கூப்பிடும் என் மச்சான் பச்சையப்பனும் கார் பட்டறை வைத்திருந்தோம். குவைத்திலிருந்து வந்த பக்தவச்சலத்தின் வெளிநாட்டுக் கார் லாரியில் இடித்து, காற்று வடிகட்டும் பெட்டியும் அதன் குழாயும் நசுங்கியிருந்தன. அவருடைய அம்மா கௌரியம்மாளுக்கு மறுநாள் சென்னையில் இதய அறுவை சிகிச்சை. கிருத்திகை அன்றே மாலை ஐந்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து. அதுவரை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிருத்திகைக் கூட்டத்தில் டாக்சி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

"ரெண்டு மணிக்கு வண்டி கிளம்பணும். இல்லன்னா பட்டறையில ஒரு ஸ்பேனர் மிஞ்சாது," என்றார் பக்தவச்சலம்.

புதுப் பெட்டி எங்கே கிடைக்கும்? பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்திருந்த மூன்றங்குலக் குழாய் ஒன்று கிடந்தது. எங்கிருந்து வந்த இரும்பு என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. இரண்டடி வெட்டி, காற்று அளக்கும் மீட்டரின் வாயில் கிளிப் போட்டு இறுக்கினேன்.

அந்த மீட்டர் அழகான பொருள். உள்ளே கதவு போல ஒரு தட்டு, அதைப் பிடித்து இழுக்க ஒரு சுருள் வில். எஞ்சின் காற்றை இழுத்தால் தட்டு திறக்கும். எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வோல்ட் கம்பியில் போகும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை விடும். இழுப்பு நின்றால் வில் தட்டை மூடிவிடும். பொய் சொல்லத் தெரியாத கருவி.

11.40. ஸ்டார்ட் செய்தேன். உர்ர்ர்... அடங்கியது. உர்ர்ர்... அடங்கியது. நின்றுவிட்டது.

சாவியை ஆனில் விட்டு, கம்பியில் வோல்ட்மீட்டரை வைத்தேன். முள் ஏறியது. இறங்கியது. நான்கு நொடிக்கு ஒரு முறை.

"மீட்டருக்கு இழுப்பு நோவு வந்துகிச்சா பாவா?" என்று பச்சையப்பன் சிரித்தான்.

"காத்து அடிக்குதுடா. ஷட்டரை இறக்கு."

இறக்கினான். பக்தவச்சலம் வெளியே ரோட்டில் டாக்சி தேடிக்கொண்டிருந்தார். கௌரியம்மாள் பட்டறைக்குள் நின்ற காரின் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். காவடி மேளம் மங்கியது. முள் மட்டும் நிற்கவில்லை.

12.05. மீட்டரைக் குழாயோடு கழற்றி மேசையில் வைத்தேன். இப்போது எஞ்சினோடு தொடர்பே இல்லை. இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

தட்டு திறந்தது... மூடியது... திறந்தது.

சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்துக் குழாய் வாயில் பிடித்தேன். புகை நேராக உள்ளே போனது. மறுபக்கம் பச்சையப்பன் கையை வைத்துப் பார்த்தான்.

"இங்க ஒண்ணும் வரல பாவா."

"நல்லா பாரு."

"பாத்துகினுதான் இருக்கேன். வரல."

உள்ளே போகும் காற்று வெளியே வரவில்லை. அப்படியானால் எங்கே போகிறது?

12.17. குழாய் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

பிடித்துக்கொண்டது.

இழுத்தேன். வரவில்லை. தோல் உள்ளே போனது. பச்சையப்பன் என் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்தான். பொளக்... கை வந்தது. வட்டமாக ரத்தம்.

குழாயிலிருந்து ஈரமண் வாசனை.

12.25.

தட்டு முழுசாகத் திறந்தது. மூடவில்லை. வில் இருக்கிறது, ஆனாலும் மூடவில்லை. ஒரே இழுப்பு. ஸ்ஸ்ஸ்ஸ்...

ஊதுபத்தி அணைந்தது. காது அடைத்தது. தகர ஷட்டர் உள்பக்கமாகக் குழிந்தது. டங்... டங்...

"பாவா... மூச்சு..."

பச்சையப்பன் ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை.

காரைப் பார்த்தேன். கௌரியம்மாளின் நெஞ்சு மேலே எழுந்து நின்றிருந்தது.

இறங்கவில்லை.

ஸ்க்ரூடிரைவர். கிளிப். விரலில் பலமில்லை. ஒரு சுற்று... இரண்டு...

குழாய் என் கையை நோக்கித் திரும்பியது. நான் திருப்பவில்லை.

மூன்று...

கழன்றது.

படார் என்று ஷட்டர் வெளிப்பக்கம் அடித்தது. காற்று வந்தது. கௌரியம்மாள் இருமினார்.

ஓர் இருமலை அத்தனை ஆசையாக நான் அதன்பின் கேட்டதில்லை.

குழாய் இல்லாமல் மீட்டரை மாட்டினேன். வாயில் வெள்ளைத் துணி கட்டினேன். தூசி கொஞ்சம் போகும், ஓடும். ஓடியது. 1.05க்குக் கிளம்பினார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அம்மாள் பிழைத்தார்.

மூன்றாம் நாள் குழாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பழைய இரும்புக் கடை ரத்தினம்மாளிடம் போனேன்.

"எந்த ஊர்க் குழாய் இது?"

அவள் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"அம்மையார்குப்பம் பக்கம் ஒரு கிணத்துலேர்ந்து எடுத்தது. கிணத்த ஆழப்படுத்தறப்போ, வெடி வெச்ச புகை வெளிய போறதுக்கு இறக்கியிருந்தாங்க. பக்கமண்ணு சரிஞ்சி கிணறு வெட்டுற பங்காரு உள்ள மாட்டிகினான். அந்தக் குழாய்ல வாய வெச்சி காலையிலேர்ந்து மூச்சு இழுத்துகினு இருந்தானாம். மேல நின்னவங்களுக்கே சத்தம் கேட்டுதாம்."

"அப்புறம்?"

"பன்னெண்டு இருவத்தஞ்சிக்கு சத்தம் நின்னுது. செத்துட்டான், குழாயாவது மிஞ்சட்டும்னு சங்கிலி போட்டு உருவிட்டாங்க. மறுநாள் தோண்டினா... அவன் வாய், மூக்கு, தொண்டை எல்லாம் மண்ணு. ரெண்டு கையும் மேல தூக்கிகினு இருந்தானாம்."

"அப்படின்னா?"

"ஆங். குழாய உருவறப்போ அவனுக்கு உசுரு இருந்திருக்கு."

உடலை எடுத்த பிறகு கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்த வாரமே நானும் பச்சையப்பனும் அங்கே போனோம். கடையில் கிடந்த மீதித் துண்டுகளையும் வாங்கி, எல்லாவற்றையும் பற்றவைத்து ஒரே குழாயாக்கினோம். பங்காரு மாட்டிய இடத்தில் மண்ணைத் துளைத்து இறக்கினோம். கீழ்முனை இருபது அடி ஆழத்தில் இருக்கிறது. மேல்முனை தரைக்கு மேலே இரண்டடி, காற்றில் திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் எந்த மீட்டரும் தானாக அசைந்ததில்லை. அந்த வாயை மட்டும் யாரும் மூடக் கூடாது.